கடல் தாண்டி வரும் பட்டம்: நம் ஊருக்கு இது புதிதா?



கடந்த இரண்டு மாதங்களில் ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் இருக்கும் என் பழைய மாணவர். இன்னொருத்தி ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்புப் பிரிவில் வேலை செய்பவள். மூன்றாமவர் என் தங்கை வீட்டு மாப்பிள்ளை. கேள்வி இதுதான்: "சார், வேலையை விடாமலே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பட்டம் படிக்கலாம் என்கிறார்கள். தொடர்பியலும் மேலாண்மையும் சேர்ந்த படிப்பு. வகுப்பெல்லாம் செல்பேசியிலேயே. சேரலாமா?"

அந்தப் பெண் சொன்ன கட்டணம் அவளுடைய ஓராண்டுச் சம்பளத்தைவிட அதிகம். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். எனவே போகிற போக்கில் "சேரம்மா" என்றோ "வேண்டாம்மா" என்றோ சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் பதிலாக வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீயைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டத்தில் மூன்று வேலைகள் இருக்கின்றன. ஒருவர் கற்பிக்க வேண்டும். ஒருவர் தேர்வு வைத்துத் திருத்த வேண்டும். ஒருவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து "சரி, ஏற்கிறேன்" என்று சொல்ல வேண்டும். கற்பித்தல், தேர்வு, அங்கீகாரம். உள்ளூர்க் கல்லூரியில் மூன்றும் பக்கத்திலேயே இருப்பதால் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. பட்டம் கடல் தாண்டி வரும்போது மூன்றும் மூன்று இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பட்டம் வருவதற்கு முன்பே இருந்த தொழில்

தொடர்பியலும் மேலாண்மையும் புதுச்சேரிக்குப் புதிய விஷயங்கள் இல்லை. ரங்கப்பிள்ளை வீதியில் நடக்கும்போதெல்லாம் அந்தப் பெயரைக் கவனியுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் பிறந்தவர். 1747 முதல் பிரெஞ்சுக்காரர்களின் தலைமைத் துபாஷாக இருந்தவர். துபாஷ் என்றால் இரண்டு மொழி அறிந்தவர் என்று பொருள். ஆனால் அவர் வேலை மொழிபெயர்ப்போடு முடியவில்லை. கவர்னர் துய்ப்ளேக்சுக்கும் நெசவு வணிகர்களுக்கும் இடையே பேச்சு நடத்த வேண்டும். முன்பணம், சரக்கு, கெடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நவாப் தரப்பிலிருந்து வரும் ஓலையின் தொனியைப் புரிந்துகொண்டு சொல்ல வேண்டும். 1736-ல் தொடங்கி 1761-ல் காலமாகும்வரை அவர் எழுதிவைத்த நாட்குறிப்பைப் படித்தால், இன்று வகுப்பில் நிறுவனத் தொடர்பு, பேச்சுவார்த்தை, நெருக்கடி மேலாண்மை என்று பிரித்துச் சொல்லித்தருவதெல்லாம் அதில் நாள்வாரியாக இருக்கிறது.

அவர் இதை எங்கே கற்றார்? குடும்பத்தில், கடையில், துறைமுகத்தில். அன்று ஆளைத் தெரிந்தவர்கள் ஆளை நம்பினார்கள். தெரியாத ஆளையும் நம்ப வேண்டிய காலம் வந்தபோதுதான் பட்டம் என்ற தாள் தேவைப்பட்டது.

பாடம் இங்கே, அதிகாரம் அங்கே

பிரெஞ்சு ஆட்சியில் நம் ஊருக்குப் பள்ளிகள் சீக்கிரமே வந்துவிட்டன. இன்றைய பிரெஞ்சு லிசேயின் தொடக்கம் 1826. ரோமன் ரோலண்ட் நூலகம் 1827. சட்டப் பள்ளி 1838. பெத்திசெமினேர் 1844. மிஷன் வீதியில் நாம் கலவை காலேஜ் என்று சொல்லும் பள்ளி, கலவை சுப்பராயச் செட்டியாரின் கொடையில் 1877-ல் வந்தது. பாரதிதாசன் படித்த இடம் அது.

இங்கே படித்தவர்கள் எழுதியது பிரெவே, பக்காலொரேயா போன்ற தேர்வுகள். பக்காலொரேயா நெப்போலியன் காலத்தில், 1808-ல் பிரான்சில் உருவான தேர்வு. அதன் பாடத்திட்டத்தை வகுத்தது நம் ஊர் இல்லை. மதிப்பை நிர்ணயித்ததும் நம் ஊர் இல்லை. வைசியாள் வீதிப் பையன் இங்கே உட்கார்ந்து படித்தான். அவனுடைய தாளுக்கு உயிர் கொடுத்த அதிகாரம் பாரிசில் இருந்தது. அதற்கு மேல் முழுப் பட்டம் வேண்டுமென்றால் கப்பல் ஏற வேண்டும். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் ஏறினார்கள். மற்றவர்கள் பிரெவேயோடு நின்று குமாஸ்தாவாகவோ ஆசிரியராகவோ ஆனார்கள். சிலர் சைகோனுக்குப் போனார்கள்.

ஆக, வெளிநாட்டுச் சான்றிதழை உள்ளூரில் இருந்தபடியே வாங்குவது நம் தாத்தாக்கள் காலத்துப் பழக்கம். அவர்களுக்குக் கிடைக்காதது, வேலையையும் வீட்டையும் விடாமல் முழுப் பட்டம் வாங்கும் வழி. அந்த வழி வேறொரு பேரரசின் தலைநகரில் திறந்தது.

1858: லண்டன் கதவைத் திறந்தது

லண்டன் பல்கலைக்கழகம் 1836-ல் தொடங்கியது. முதலில் அதன் தேர்வை எழுத, குறிப்பிட்ட கல்லூரிகளில் படித்த சான்று வேண்டும். 1858-ல் புதிய சாசனம் வந்தது. மருத்துவம் போன்றவை தவிர மற்றப் பட்டங்களுக்குக் கல்லூரிச் சான்று தேவையில்லை என்று ஆனது. எங்கே வேண்டுமானாலும் படி, எப்படி வேண்டுமானாலும் படி, தேர்வில் தேறு, பட்டம் உனக்கு. உலகக் கல்வி வரலாற்றில் இது பெரிய திருப்பம். 1878-ல் பெண்களுக்கும் பட்டம் தருவதாக அதே பல்கலைக்கழகம் முடிவு செய்தது.

இங்கிலாந்துக்கு வெளியே அந்தத் தேர்வு முதலில் நடந்தது எங்கே தெரியுமா? 1865-ல் மொரிசியசில். 1810 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த தீவு அது. 18-ஆம் நூற்றாண்டில் லா பூர்தொனே அங்கே கவர்னராக இருந்தபோது, போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் போனார்கள். நம் ஊர்க் கைவினைஞர்களின் உழைப்பும் சேர்ந்து எழுந்த ஊர்தான் கடல் தாண்டிய பட்டத்துக்கும் முதல் தேர்வுக்கூடமானது.

இதற்கு ஓராண்டு முன்பு, 1857-ல், லண்டனை மாதிரியாக வைத்துச் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியிருந்தது. அதுவும் பல பத்தாண்டுகள் பாடம் நடத்தாமல் தேர்வு மட்டும் வைத்த அமைப்புதான். அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்: கரோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை. முன்னவர் பின்னவருக்கு ஆசிரியர். வாத்தியாரும் மாணவரும் ஒரே தேர்வில் தேறினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் பெருமையும் சேர்ந்து வரும். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்குச் சென்னைப் பட்டமும் கடல் தாண்டிய பட்டம்தானே. அந்தத் தாமோதரம்பிள்ளைதான் பிறகு தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றித் தமிழுக்குக் கொடுத்தவர்.

வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள்

இலங்கைத் தமிழர்கள் இந்த லண்டன் பட்டத்தை "வெளிவாரிப் பட்டம்" என்பார்கள். அழகான சொல். 1921-ல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோதும் அது சொந்தமாகப் பட்டம் தரவில்லை. 1942-ல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை மாணவர்களை லண்டன் தேர்வுக்குத்தான் தயார் செய்தது.

இதில் இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன்.

ஒருவர் விபுலானந்தர். 1892-ல் காரைதீவில் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சி முடித்து ஆசிரியரானவர். 1916-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார். 1920-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. தேர்விலும் தேறினார். பண்டிதர் பட்டம் மதுரையிலிருந்து, அறிவியல் பட்டம் லண்டனிலிருந்து. இரண்டும் கடல் தாண்டி வந்தவை. 1931-ல் நமக்கு அருகே சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். 1943-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. அவருடைய 'யாழ்நூல்' 1947-ல் வந்தது. பழந்தமிழ் இசையைக் கணக்கோடு ஆராய்ந்த அந்த நூலைப் புரட்டும்போது, உள்ளே ஒரு அறிவியல் பட்டதாரி உட்கார்ந்திருப்பது தெரியும்.

இன்னொருவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். பின்னாளில் ஈழத்துத் தமிழர்களின் தலைவராக அறியப்பட்டவர். 1918-ல் லண்டன் வெளிவாரி அறிவியல் பட்டம் பெற்றார். அப்புறம் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் படித்து வழக்கறிஞர் தொழிலுக்குப் போனார்.

உலக அளவில் பார்த்தால் இன்னும் வியப்பு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் சிறை முகாம்களில் இருந்த பிரிட்டிஷ் போர்க்கைதிகள் அந்த முகாம்களிலேயே லண்டன் தேர்வு எழுதினார்கள். நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபடி லண்டனின் சட்டப் படிப்பில் பதிவு செய்து படித்தார். அதை அங்கே முடிக்க முடியவில்லை. கடைசியில் தென் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி வழியாகச் சட்டப் பட்டத்தை முடித்தது 1989-ல். சிறையிலிருந்து வெளியே வர அப்போது இன்னும் சில மாதங்கள் இருந்தன.

சரி, இவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தியது யார்? லண்டன் நடத்தவில்லை. பாடத்திட்டம் வந்தது, கேள்வித்தாள் முத்திரையோடு வந்தது, விடைத்தாள் கப்பலில் போனது, முடிவு வந்தது. நடுவில் உள்ள படிப்பு முழுக்க மாணவன் தலையில்தான். நூலகம் தேடினார்கள், மூத்தவர்களிடம் கேட்டார்கள், கூட்டாகப் படித்தார்கள். கற்பித்தல் ஏறக்குறையப் பூஜ்யம். ஆனால் தேர்வு கறார். லண்டனில் இருப்பவனுக்கு ஒரு தரம், யாழ்ப்பாணத்தில் இருப்பவனுக்கு ஒரு தரம் என்று தாளைத் தளர்த்தவில்லை. அதனால் அந்தப் பட்டத்தை எங்கே நீட்டினாலும் மதித்தார்கள். ஏராளமானோர் தோற்றதும் அதனால்தான். காந்தியடிகளே 1890-ல் லண்டன் மெட்ரிகுலேஷனில் முதல் முறை லத்தீன் பாடத்தில் தோற்று, அடுத்த முறைதான் தேறினார். அந்தத் தேர்வில் அவர் எடுத்த இன்னொரு மொழி பிரெஞ்சு என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் பிடித்த செய்தியாக இருக்கும்.

தபாலில் வந்த முதல் பாடம்

தேர்வு கடல் தாண்டிய கதை இது. பாடம் தபாலில் போன கதை இன்னும் பழையது. 1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அதே ஆண்டு ஐசக் பிட்மன் என்பவர் சுருக்கெழுத்துப் பாடத்தைச் சிறு அட்டைகளில் தபாலில் அனுப்பத் தொடங்கினார். மாணவர்கள் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் பிழை திருத்தி மீண்டும் அனுப்புவார்.

பாருங்கள், தபால்வழிக் கல்வியின் தொடக்கத்திலேயே நிற்பது ஒரு தொடர்புத் திறன். அந்தப் பிட்மன் சுருக்கெழுத்துதான் நம் ஊர்களில் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டது. என் வயதுக்காரர்களைக் கேளுங்கள். பத்தாவது முடித்த கையோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிடுவார்கள். லோயர், ஹையர், அப்புறம் ஷார்ட்ஹேண்ட். வணிகக் கடிதம் எப்படித் தொடங்க வேண்டும், எப்படி முடிக்க வேண்டும், கோப்பை எப்படி வரிசைப்படுத்த வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் கற்றார்கள். அந்தக் கால நம் பிள்ளைகளின் தொடர்பியலும் மேலாண்மையும் அந்தத் தட்டச்சுக் கொட்டகையில் மாலை ஆறு மணிக்கு நடந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு ஏற்ற நேரம்.

பிட்மன் செய்ததில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பாடத்தை அனுப்பியதோடு நிற்காமல், மாணவன் எழுதியதை வாங்கித் திருத்தித் திருப்பி அனுப்பினார். வாத்தியார் என்றால் திருத்துபவர். சிவப்பு மை இல்லாத நோட்டு படித்த நோட்டு ஆகாது என்று நான் வகுப்பில் சொன்னது சிலருக்கு நினைவிருக்கும்.

பாடம் பட்டமானது

மேலாண்மை பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது அமெரிக்காவில். பென்சில்வேனியாவில் வார்ட்டன் பள்ளி 1881. ஹார்வர்டின் வணிகப் பள்ளி 1908. அதே 1908-ல்தான் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளியும் தொடங்கியது. இந்தியாவில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் 1947-ல் வந்தது. கொல்கத்தாவில் முதல் மேலாண்மைக் கல்வி நிறுவனம் 1953-ல். கொல்கத்தா, அகமதாபாத் ஐ.ஐ.எம்.கள் 1961-ல். டெல்லியின் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் 1965-ல்.

இந்த இரண்டு துறைகளுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. வேதியியலுக்கு ஆய்வகம் வேண்டும், மருத்துவத்துக்கு மருத்துவமனை வேண்டும். இவற்றுக்கு ஆய்வகம் அலுவலகமே. கோபமாக வரும் நோயாளியின் உறவினரைச் சமாளிக்கும் பெண், காலையில் படித்ததை மாலையில் செய்து பார்த்துவிடலாம். அதனால் வேலை பார்ப்பவர்களுக்கு இது நல்ல படிப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேலையை விட்டுப் படிப்பதைவிட, வேலையில் இருந்து படிப்பதே இதற்குப் பொருத்தம் என்றும் சொல்வேன்.

1954: ஒரே நாளில் மாறிய தாள்

இப்போது மூன்றாவது வேலைக்கு வருகிறேன். அங்கீகாரம்.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. கொடி மாறியதை எல்லாரும் கொண்டாடினோம். ஆனால் வீட்டுப் பெட்டிக்குள் இருந்த பிரெவேயும் பக்காலொரேயாவும் என்ன ஆகும்? அந்தத் தாள்களை மதித்த அதிகாரம் கப்பலேறிக்கொண்டிருந்தது. புதிய அதிகாரத்துக்கு மெட்ரிகுலேஷனும் இண்டர்மீடியட்டும்தான் தெரியும்.

இதை முன்கூட்டியே யோசித்தவர்கள் இருந்தார்கள் என்பது நம் அதிர்ஷ்டம். 1956-ஆம் ஆண்டு ஒப்படைப்பு ஒப்பந்தத்தைப் படித்தால், எல்லை, சொத்து, குடியுரிமை ஆகியவற்றோடு சான்றிதழ்களும் பேசப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். பக்காலொரேயா, பிரெவே போன்ற சான்றிதழ்களை மேற்படிப்புச் சேர்க்கைக்கு இந்தியா ஏற்கும் என்று அதில் எழுதினார்கள். ஏற்கெனவே வழக்கறிஞர், மருத்துவர் போன்ற தொழில்களில் இருந்தவர்கள் கூடுதல் தகுதி கேட்கப்படாமல் தொழிலைத் தொடரலாம் என்றும் எழுதினார்கள். ஆனால் அந்த இரண்டாவது உறுதி, பழைய பிரெஞ்சுப் பகுதிகளுக்குள் தொழில் செய்வதற்குத்தான். அதே அறிவு, அதே ஆள், அதே தாள். கோரிமேடு தாண்டினால் கதை வேறு.

மாணவர்களே, இந்த ஒரு செய்தியை மட்டும் மறக்காதீர்கள். பட்டத்தின் மதிப்பு அதன் தாளில் இல்லை. நீங்கள் அதை எந்த மேசையில் நீட்டப் போகிறீர்களோ, அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் கையில் இருக்கிறது. இரண்டு அரசுகள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டதால்தான் நம் பெரியவர்கள் தப்பினார்கள். இன்று உங்கள் தனிப்பட்ட பட்டத்துக்காக யாரும் ஒப்பந்தம் போட மாட்டார்கள்.

அஞ்சல்வழியும் திறந்தநிலையும்

சுதந்திர இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தெற்கே மதுரை 1971-ல், அண்ணாமலை 1979-ல், சென்னை 1981-ல் என்று வந்தன. பிரிட்டனில் 1969-ல் சாசனம் பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1971 முதல் வானொலி, தொலைக்காட்சி வழியாகப் பாடம் நடத்தி, திருத்தித் தரும் ஆசிரியர்களையும் நியமித்தது. லண்டன் 1858-ல் விட்டுவைத்த வெற்றிடத்தை, அதாவது கற்பித்தலை, அது நிரப்பியது. அதைப் பார்த்து ஆந்திரத்தில் 1982-ல் ஒன்று, தேசிய அளவில் 1985-ல் இக்னோ, நம் பக்கத்தில் 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இக்னோ 1987-ல் முதன்முதலில் தொடங்கிய இரண்டே படிப்புகளில் ஒன்று மேலாண்மைப் பட்டயம். முதல் தொகுதியில் மொத்தம் 4,528 பேர். நம் புதுவைப் பல்கலைக்கழகமும் 1985-ல் பிறந்ததுதான். அதுவரை நம் தாகூர் கலைக் கல்லூரியும் பாரதிதாசன் மகளிர் கல்லூரியும் சென்னையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

நானும் எம்.ஏ.வை அஞ்சல்வழியில் முடித்தவன்தான். பகலில் பள்ளி, இரவில் பழுப்புத் தாள் சுற்றிவந்த பாடக்கட்டு. ஒரு வருடம் ஒரு தாளுக்கான பாடம் தேர்வு முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. விழுப்புரத்தில் மே மாத வெயிலில் கான்டாக்ட் கிளாஸ். எங்களைக் காப்பாற்றியது ரோமன் ரோலண்ட் நூலகமும், ஞாயிறுதோறும் ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் விடையை ஒருவர் திருத்திய நான்கு ஆசிரியர்கள் கொண்ட எங்கள் குழுவும். பகுதிநேரப் படிப்பு பாதியில் நிற்பதற்கு அறிவுக் குறைவு காரணமாக இருந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. தனிமைதான் காரணம். கூடப் படிக்க ஒரு ஆள் இருந்தவர்கள் முடித்தார்கள்.

இன்றைய நிலைமை

அன்று கற்பித்தல் இல்லை, தேர்வு கறாராக இருந்தது. இன்று அப்படியே தலைகீழ். கற்பித்தல் கொட்டிக் கிடக்கிறது. காணொளி, மின்னூல், நேரலை வகுப்பு எல்லாம் கையடக்கத்தில். தேர்வுதான் பல இடங்களில் இளகிவிட்டது. யார் எழுதுகிறார், யார் திருத்துகிறார் என்றே தெரியாத படிப்புகளும் சந்தையில் இருக்கின்றன. பழைய நல்ல முறையை இன்றும் நம் ஊரிலேயே பார்க்கலாம். சுய்ப்ரேன் வீதியில் 1889 முதல் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேசில் பிள்ளைகள் டெல்ப் தேர்வு எழுதுகிறார்கள். படிப்பது இங்கே, சான்றிதழ் தருவது பிரான்சின் கல்வி அமைச்சகம். எழுத்து, கேட்பு, பேச்சு எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். அதனால் அந்தத் தாளுக்கு மரியாதை இருக்கிறது.

அங்கீகாரத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 2023 டிசம்பரில் யு.ஜி.சி. ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தன் அனுமதி பெறாத வெளிநாட்டு நிறுவனங்களோடு கைகோத்து இங்குள்ள கல்லூரிகளும் இணையக் கல்வி நிறுவனங்களும் தரும் பட்டங்களை ஏற்க முடியாது என்றது. 2025 ஏப்ரலில் வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைமதிப்புத் தருவது பற்றிப் புதிய விதிகளையும் வெளியிட்டது. வெளிநாட்டுப் பெயரை வாடகைக்கு எடுத்து இங்கே நடத்தும் படிப்புகளுக்கு அதில் இடம் இல்லை. பணம் கட்டும் முன் அந்த விதிகளை வரி வரியாகப் படியுங்கள். குறிப்பாக, இணையவழியில் படித்த பட்டத்துக்கு அதில் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

எனவே கேட்டவர்களுக்கு என் பதில் "எந்த மேசைக்காகப் படிக்கிறீர்கள்?" என்ற எதிர்க்கேள்விதான். அரசு வேலை, ஆசிரியர் பணி, முனைவர் பட்டம், இவற்றில் ஏதாவது ஒன்று மனத்தில் இருந்தால் இணைமதிப்பு உறுதியாகாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். அதற்கு இங்குள்ள முறையான தொலைநிலைப் படிப்பே பாதுகாப்பு, செலவும் குறைவு. தனியார் நிறுவனத்தில் மேலே போவதுதான் நோக்கம் என்றால், உங்கள் மேலதிகாரியிடமே போய் "இந்தப் பட்டத்தை நீங்கள் மதிப்பீர்களா?" என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், அந்த நாட்டில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்ன மரியாதை என்று அங்கே இருக்கும் நம் பிள்ளைகளிடம் விசாரியுங்கள்.

அடுத்து, சேர்க்கை ஆளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் விடைத்தாளைத் திருத்துபவர் யார், பல்கலைக்கழக ஆசிரியரா, இடைத்தரகர் வைத்த ஆளா? அந்த நாட்டில் வளாகத்துக்கு வந்து படிப்பவருக்கும் எனக்கும் ஒரே தேர்வு, ஒரே சான்றிதழா? பாதியில் நிறுத்த வேண்டி வந்தால் கட்டிய பணமும் முடித்த பாடங்களும் என்ன ஆகும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்தால் மேலே பேசலாம். "இன்றே கட்டினால் சலுகை" என்று மட்டும் பதில் வந்தால் செல்பேசியைக் கீழே வைத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் தயங்காமல் சேருங்கள். நாற்பது வயதிலும் சேருங்கள். பிள்ளை பெற்ற பிறகும் சேருங்கள். வீட்டில் ஒரு பெண் படிக்கிறாள் என்றால், தினமும் ஒன்றரை மணி நேரம் அவளிடம் யாரும் காபி கேட்காமல் இருங்கள். அவளுக்கு வேண்டிய முதல் உதவித்தொகை அதுதான். கூடப் படிக்க இரண்டு பேரைத் தேடிக்கொள்ளுங்கள். இணையத்தில் வகுப்பு நடந்தாலும், வாரத்துக்கு ஒரு நாள் நேரில் உட்கார்ந்து ஒருவர் எழுதியதை ஒருவர் திருத்துங்கள்.

இந்த வழியில் ஏற்கெனவே படித்து முடித்தவர்கள் நம்மில் சிலர் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். பிரான்சிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருப்பவர்களே, உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எவ்வளவு செலவு, எவ்வளவு நாள், அந்தத் தாளை எங்கே ஏற்றார்கள், எங்கே ஏற்கவில்லை என்று நான்கு வரி போதும். பின்னால் வரும் தம்பி தங்கைகளுக்கு என் கட்டுரையைவிட அந்த நான்கு வரி அதிகம் உதவும்.

அடுத்த ஞாயிறு, நம் கலவை காலேஜ் பற்றித் தனியாக எழுதுகிறேன். பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்